தொப்பிச் சத்தத்தை விழுங்குற ஹம்: வீட்டில கட்டின எல்எம்1875 அம்ப்

வலந்தலை – உப்புவெளி – சனி, இரவு 10.15

வணக்கம். ரெண்டு வருசமா இங்க வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்பதான் முதன்முதலா எழுதுறன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். கோயில் கச்சேரி, அரங்கேற்றம், பின்னேரத்தில பிள்ளைகளுக்கு வகுப்பு. பெரிய வித்துவான்களின்ர பதிவுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் பழகிறது. போனிலயும் சின்னப் புளூடூத் பெட்டியிலயும் வலப்பக்கத்து வலந்தலை நல்லாக் கேட்கும், இடப்பக்கத்துத் தொப்பி கேட்காது. இடக்கையை அழுத்தி ஒரு கும்கியை, அந்த வழுக்கி ஏறுற சத்தத்தை, மேல இழுத்தா, அந்தப் பெட்டியில அது ‘டொக்’ எண்டு முடிஞ்சிடும். இழுப்பு எங்க தொடங்கி எங்க விடுது எண்டு தெரியாட்டி அதைக் கேட்டுப் பழகவே ஏலாது.

அதுக்காகத்தான் வீடு மாறிப்போன ஒரு குடும்பத்திட்ட 8 அங்குல வூஃபர் போட்ட பழைய மர ஸ்பீக்கர் சோடி ஒண்டு வாங்கினன், 8 ஓம். அம்ப்பை நானே கட்டுவம் எண்டு இறங்கினன். ஏ.எல்.இல விரியலாக்கி (அம்ப்) படிச்சதோட சரி, அதுக்குப் பிறகு சோல்டர் அயன் பிடிச்சதே இந்த வருசந்தான்.

டவுனில கையால சுத்தித் தந்த 18-0-18 ட்ரான்ஸ்போமர், 3 அம்பியர். ஏசியை டிசியாக்க 25 அம்பியர் பிரிட்ஜ். 10,000 மைக்ரோஃபரட் 50 வோல்ட் கப்பாசிட்டர் ரெண்டு. சத்தத்தைப் பெருப்பிக்கிற எல்எம்1875 ஐசி ரெண்டு, அதின்ர தரவுத்தாளில இருக்கிற சேர்க்கிட்டை அப்பிடியே வெரோபோர்ட்டில கட்டினது. ஹீட்சிங்க் ஒரு பழைய யூபிஎஸ்ஸில கழட்டினது, ஐசிக்கும் அதுக்கும் இடையில கரண்ட் கடத்தாத மைக்காத் தகடு. முதல் கரண்ட் குடுக்கேக்க 60 வோட் குண்டு பல்ப்பைத் தொடராப் போட்டுத்தான் குடுத்தனான், இங்க வாசிச்சதுதான். பல்ப் ஒருக்கா மின்னி மங்கிச்சுது. அளந்தா +26.1, −26.0 வோல்ட்.

பாட்டு அருமையா வருது. ஆனா ஸ்பீக்கருக்குள்ள ஒரு ‘ம்ம்ம்ம்’ நிக்குது. கடல் எங்கட வீட்டில இருந்து கூப்பிடு தூரம், இரவில அலையை விட இதுதான் பெருசாக் கேட்குது. பாட்டுப் போகேக்க தெரியாது. தனி ஆவர்த்தனத்தில ஒரு கார்வை, அதான் இடைவெளி, விட்டு நிப்பாட்டுவினம் பாருங்கோ, அந்த இடத்தைப் பிடிச்சு நிரப்பிடுது. வொலியூமைக் கூட்டினாலும் குறைச்சாலும் ஒரே அளவு. எங்க பிழை விட்டன்?

கடுகதி – சனி, இரவு 10.31

ஃபில்டர் கப்பாசிட்டர் காணாது. 10,000ஐக் கழட்டிப்போட்டு 22,000 போடுங்க.

ஈயக்கம்பி – பாலையூற்று – ஞாயிறு, காலை 6.05

தம்பி, ஒண்டும் வாங்காதேங்கோ. சாமான் மாத்த முதல் சத்தம் எங்கயிருந்து வருது எண்டு பிடிப்பம். நான் 28 வருசம் சவுண்ட் சேர்விஸ் நடத்தினவன். 2என்3055 ட்ரான்சிஸ்டர் போட்ட அம்ப்புகளை விடிய விடியத் திருவிழாவில ஓடவிட்டுப் பக்கத்திலயே படுத்தவன். ஹம்மைத் தேடுறதில ஒரு ஒழுங்கு இருக்கு, அதை விட்டா நாள்க்கணக்கில அலைய வேணும்.

வொலியூம் மாத்தியும் சத்தம் மாறேல்லை எண்டீங்கள், அது நல்ல செய்தி. வொலியூமுக்குப் பிறகுதான் எங்கயோ நுழையுது. ஆனாலும் உறுதிப்படுத்துங்கோ. பழைய ஆர்சிஏ ஓடியோ பிளக் ரெண்டு எடுத்து, நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வைச்சு, அம்ப்பின்ர ரெண்டு இன்புட்டிலயும் குத்துங்கோ. வேற ஒரு வயரும் பின்னால இருக்கக்கூடாது. ஹம் போனா வெளியால வருது. நிண்டா பெட்டிக்குள்ளதான்.

அடுத்தது, போனில ஸ்பெக்ட்ரம் காட்டுற அப் ஏதாவது போட்டு, போனை வூஃபருக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ. 50 ஹேர்ட்ஸ் எண்டா ட்ரான்ஸ்போமரின்ர காந்தப்புலம், இல்லாட்டி ஏர்த் வளையம். 100 எண்டா பிரிட்ஜ் தாண்டி வந்த சாமான். காதாலயும் பிரிக்கலாம். 50 சாதுவான ‘ம்ம்ம்’, 100 கொஞ்சம் கரகரத்த ‘ஸ்ர்ர்ர்’. நீங்கள் மிருதங்கக்காரர், சுருதி சேர்க்கிற காது, என்னை விட நல்லாப் பிடிப்பீங்கள்.

ஓமின்விதி – ஞாயிறு, காலை 8.40

ஏன் கப்பாசிட்டரைக் கூட்டுவது இங்கே தீர்வாகாது என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். (பாடசாலையில் பௌதிகம் கற்பிக்கிறேன், பழக்கதோஷம்.)

சும்மா இருக்கும்போது ஒரு எல்எம்1875 ஏறத்தாழ 70 மில்லிஅம்பியர் எடுக்கும். இரண்டுக்கும் 0.14 அம்பியர். நம்முடைய 50 ஹேர்ட்ஸ் மின்னை முழு அலையாகச் சீராக்கினால் கப்பாசிட்டர் செக்கனுக்கு 100 தடவை நிரம்பும். அலைவு வோல்ட்டளவு = மின்னோட்டம் ÷ (100 × கொள்ளளவம்). 0.14 ÷ (100 × 0.01) = 0.14 வோல்ட். வழங்கலில் வரும் அலைவை இந்த ஐசி 94 டெசிபெல் அளவுக்குத் தள்ளிவிடும் என்று தரவுத்தாள் சொல்கிறது, அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. மிஞ்சுவது சுமார் 3 மைக்ரோவோல்ட். 21 மடங்கு பெருக்கினாலும் 60 மைக்ரோவோல்ட்தான். உங்கள் காதுக்கு அது எட்டவே எட்டாது.

22,000 போட்டால் அந்த 3 மைக்ரோவோல்ட் பாதிக்கும் கீழே போகும், அவ்வளவே. ஆனால் கப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக அதை நிரப்பும் மின்னோட்டம் இன்னும் குறுகலான, இன்னும் கூரான துடிப்பாக வரும். அந்தத் துடிப்பு போகக்கூடாத வயரில் போனால் ஹம் கூடவும் செய்யலாம். வயரிங் படம் ஒன்று போடுங்கள், தம்பி.

கிண்ணியா நானா – ஞாயிறு, காலை 9.12

தம்பி, ஐசி எங்க எடுத்தீங்க? ஹம்முக்குச் சம்பந்தமில்லதான், ஆனா கேட்டு வைக்கிறன். டிடிஏ2030ஐ மேல தேய்ச்சுப்போட்டு எல்எம்1875 என்டு அடிச்சு விக்கிறாங்க. கால் அஞ்சும் ஒரே மாதிரித்தான், சேர்க்கிட்டில நேரா இருக்கும், பாட்டும் பாடும். ஆனா 2030க்கு உச்சம் ±18 வோல்ட். ஒங்கட ±26ல மாட்டினா இன்டைக்கோ நாளைக்கோ வெடிக்கும், ஸ்பீக்கரையும் கொண்டு போகும்.

பஞ்சில நெயில் பொலிஷ் எடுக்கிற மருந்து தொட்டு எழுத்து மேல நல்லாத் தேய்ங்க. உண்மையான சாமான்ல லேசர் எழுத்து அசையாது. மேல பூசின கறுப்புக் கரைஞ்சு பஞ்சுல வந்தா கழட்டிருங்க.

அதோட, பின்னால இருக்கிற உலோகத் தகடு கிரவுண்ட் இல்ல. மைனஸ் 26 வோல்ட் அதுல நிக்கும். மல்டிமீட்டர பீப் சத்தத்துல வச்சு, ஆஃப் பண்ணின நேரம், தகட்டுல ஒரு முனை, ஹீட்சிங்க்ல ஒரு முனை வச்சுப் பாருங்க. சத்தம் வரப்படாது. மைக்கா நல்லா இருந்தும் ஸ்க்ரூ வழியாப் பிடிக்கிறது நெறைய நடக்கும், ஸ்க்ரூவுக்கு நைலோன் புஷ் போடணும்.

சாம்பல்தீவு – ஞாயிறு, பகல் 12.20

குழப்புறன் எண்டு நினைக்க வேண்டாம். இவ்வளவு பாடு ஏன்? டிபிஏ3116 போட்ட கிளாஸ் டி போர்ட் உள்ளங்கை அளவில ரெடியாக் கிடைக்குது. லப்டொப் அடப்டர் மாதிரி 24 வோல்ட் ஒண்டு குடுத்தாச் சரி. ட்ரான்ஸ்போமரும் இல்லை, ஹம்மும் இல்லை. 2022இல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டின நாள்களில நான் 12 வோல்ட் பற்றரியில அதைத்தான் ஓட்டினன். பிள்ளைகள் இருட்டில பாட்டுக் கேட்டுக்கொண்டு படுத்தினம். உள்ள போற சக்தியில 90 வீதத்துக்கு மேல ஸ்பீக்கருக்கே போகுது, தொட்டாச் சூடே இல்லை.

ஈயக்கம்பி – ஞாயிறு, பகல் 1.00

நீங்கள் சொல்லுறது அத்தனையும் சரி. பற்றரிக்கு அதை அடிக்க ஒண்டும் இல்லை, நானும் ஒண்டு வைச்சிருக்கிறன். ஆனா அந்த ஐசி பொசுங்கினா அரிசிமணியிலும் சின்னக் கால்கள், வெறுங்கண்ணால மாத்தேலாது, போர்ட்டையே எறிய வேண்டியதுதான். எல்எம்1875 எண்டா அஞ்சு கால். நாளைக்கு இந்தத் தம்பியே கழட்டி வேறொண்டு போடுவார். கட்டினவனே திருத்தலாம் எண்டதுக்கு நான் நிறைய மதிப்புக் குடுக்கிறவன்.

கடுகதி – ஞாயிறு, பகல் 1.22

அப்ப கிளாஸ் ஏ கட்டலாமே? ஜேஎல்எச் எண்டு ஒண்டு சொல்லுறாங்கள்.

ஈயக்கம்பி – ஞாயிறு, பகல் 1.50

1969 ஏப்ரலில ஜோன் லின்ஸ்லி ஹுட் எழுதின சேர்க்கிட், வயர்லெஸ் வேர்ல்ட் எண்ட ஆங்கில இதழில வந்தது. பத்து வோட், ஒரு பக்கத்துக்கு நாலே நாலு ட்ரான்சிஸ்டர். நான் கட்டினனான், குரலுக்கு அதைப் போல ஒண்டு கேட்டதில்லை. ஆனா 8 ஓமுக்கு 27 வோல்ட்டில 1.2 அம்பியர், பாட்டு ஓடினாலும் ஓடாட்டியும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்துக்கு 32 வோட், ரெண்டுக்கும் 65 வோட் வெறும் சூடு. ஆனி ஆடியில கச்சான் அனலா வீசேக்க அந்த அறையில இருக்கேலாது. மார்கழி மழைக்கு மட்டும் எடுத்து வைச்சுக் கேட்கிறனான்.

வலந்தலை – உப்புவெளி – ஞாயிறு, இரவு 9.30

எல்லாருக்கும் பெரிய நன்றி. நானா சொன்னபடி பஞ்சால தேய்ச்சன், எழுத்து அசையேல்லை, பஞ்சும் வெள்ளையா இருக்கு. தகட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் தொடர்பு இல்லை.

இன்புட்டைச் சோட் பண்ணிப் பார்த்தன். ஹம் அப்பிடியே நிக்குது. போனில 100, 200, 300 எண்டு வரிசையாக் கோடு, 50இல கிட்டத்தட்ட ஒண்டும் இல்லை. ஈயக்கம்பி அண்ணை சொன்ன கரகரப்பும் இருக்கு. முந்தி அதை ‘ம்ம்ம்’ எண்டு எழுதிப்போட்டன், இப்ப கவனமாக் கேட்டா அது ‘ஸ்ர்ர்’தான்.

படம் ஏறுதில்லை, எழுத்தில சொல்லுறன். கப்பாசிட்டர் ரெண்டும் பெட்டியின்ர ரெண்டு மூலையில நிக்குது. பிளஸ் பக்கக் கப்பாசிட்டரின்ர மைனஸ் காலையும், மைனஸ் பக்கக் கப்பாசிட்டரின்ர பிளஸ் காலையும் ஒரு சாதாரண வயரால தொடுத்திருக்கிறன், பத்து சென்ரிமீட்டர் வரும். ட்ரான்ஸ்போமரின்ர நடு வயரும் அதிலதான். இன்புட் கிரவுண்டை முதல் கப்பாசிட்டரின்ர காலில இருந்து எடுத்தன். ஸ்பீக்கர் கறுப்பு வயரும் போர்ட் கிரவுண்டும் மற்றக் கப்பாசிட்டரின்ர காலில. எல்லாம் கிரவுண்ட்தானே எண்டு நினைச்சன்.

ஈயக்கம்பி – பாலையூற்று – ஞாயிறு, இரவு 10.10

பிடிச்சாச்சு!

தம்பி, ‘எல்லாம் கிரவுண்ட்தானே’ எண்டு நினைச்சுத்தான் நாங்கள் எல்லாரும் ஒருக்கா விழுந்தனாங்கள். கிரவுண்ட் எண்டு படத்தில ஒரு கோடு கீறலாம். பெட்டிக்குள்ள அது செம்புக் கம்பி, செம்புக்கும் ஒரு சொட்டுத் தடை இருக்கு.

இப்ப மெதுவாப் பாருங்கோ. 18-0-18 வைண்டிங்கின்ர மேல் முனையில இருந்து கரண்ட் பிரிட்ஜ் வழியா பிளஸ் கப்பாசிட்டருக்குள்ள போகுது. அதிலயிருந்து எங்க வெளிக்கிடுது? நடு வயரால திரும்புது எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்கேக்க அது அப்பிடிப் போறேல்லை. நேரா மற்றக் கப்பாசிட்டருக்குள்ள இறங்கி, பிரிட்ஜின்ர மைனஸால கீழ் முனைக்குப் போகுது. அந்தத் துடிப்பு முழுக்க ஓடுற பாதை எது? நீங்கள் தொடுத்த அந்தப் பத்து சென்ரிமீட்டர் வயர். செக்கனுக்கு நூறு தரம்.

அதின்ர ஒரு முனையில இன்புட் கிரவுண்ட், மறுமுனையில போர்ட் கிரவுண்ட். ரெண்டுக்கும் இடையில விழுற வோல்ட்டை ஐசி பாட்டு எண்டு நினைச்சுப் பெருப்பிச்சு ஸ்பீக்கருக்குக் குடுக்குது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கப்பாசிட்டர் ரெண்டையும் ஒட்டி நிக்கிற மாதிரிக் கிட்டக் கொண்டு வாங்கோ. நடுக்கால் ரெண்டையும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரிங் கம்பியைச் சுரண்டி எடுத்த கட்டிச் செம்பால தொடுங்கோ, எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லம். நடு வயர் அந்தச் செம்பிலயே வந்து சேரட்டும். அந்தச் செம்பின்ர நடுவில இருந்து ஒரே ஒரு தடிச்ச வயர் வெளிக்கிட்டு ஒரு போல்ட்டுக்குப் போகட்டும். அந்தப் போல்ட்டுக்குப் பிறகுதான் உங்கட கிரவுண்ட் தொடங்குது. ஸ்பீக்கர் கறுப்பு ரெண்டும், போர்ட் ரெண்டும், ஐசியின்ர அவுட்புட்டில நிக்கிற 1 ஓம் 0.22 மைக்ரோஃபரட் சோடி இறங்கிற கிரவுண்டும் தனித்தனி வயரா அதே போல்ட்டுக்கு. இன்புட் கிரவுண்ட் போர்ட்டுக்குள்ள ஃபீட்பேக் கிரவுண்டோட சேர்ந்து ஒரே வயரா வரட்டும். செம்புத் தண்டில வேற ஆரும் கை வைக்கக்கூடாது.

கை வைக்க முதல், பிளக்கைக் கழட்டிப்போட்டும் கப்பாசிட்டரில கரண்ட் நிக்கும். 2,200 ஓம் 1 வோட் ரெசிஸ்டர் ஒவ்வொண்டை ரெண்டு கப்பாசிட்டருக்கும் நிரந்தரமாக் குறுக்கப் போட்டு விடுங்கோ. ரெண்டு நிமிசத்தில வடிஞ்சிடும். மீட்டரால பார்த்திட்டுத் தொடுங்கோ.

ஓமின்விதி – ஞாயிறு, இரவு 10.45

ஐயா சொன்னதற்கு எண்களை மட்டும் சேர்க்கிறேன். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.034 ஓம். பத்து சென்ரிமீட்டருக்கு 3.4 மில்லிஓம். நிரப்பும் துடிப்பின் உச்சம் 1 அம்பியர் என்று வைத்தால் 3.4 மில்லிவோல்ட். 21 மடங்கு பெருக்கினால் ஸ்பீக்கரில் 70 மில்லிவோல்ட். முன்பு கணக்கிட்ட 60 மைக்ரோவோல்ட்டை விட ஆயிரம் மடங்குக்கும் மேல். உணர்திறன் 90 டெசிபெல் உள்ள ஸ்பீக்கரில் இது ஒரு மீட்டரில் 58 டெசிபெல் அளவு, வீட்டில் இருவர் பேசிக்கொள்ளும் சத்தத்துக்குக் கிட்ட. உங்கள் வீட்டு அலைச் சத்தம் தோற்றதில் வியப்பே இல்லை.

நாளை பன்னிரண்டாம் வகுப்புக்கு இதைத்தான் உதாரணமாக எடுக்கப்போகிறேன். தடையைப் புறக்கணிக்கத்தக்கது என்று எழுதிப் பழகிய பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும்.

நிலாவெளி1548 – திங்கள், மாலை 5.15

இழைக்கு நடுவில புகுறன், மன்னிக்கவும். என்ர அம்ப்பில (எல்எம்3886 ஐசி போட்டது) ஹம் இல்லை, ஆனா பாட்டு இல்லாத நேரம் ஆரோ கதைக்கிற மாதிரி ரேடியோ கேட்குது. நிலாவெளிப் பக்கம் முந்தி ஜேர்மன் வானொலி டொய்ச்சே வெல்லே நடத்தின ஒலிபரப்பு அஞ்சல் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறன்.

ஓமின்விதி – திங்கள், இரவு 7.30

பெயரிலேயே காரணத்தை வைத்திருக்கிறீர்கள். 1548 கிலோஹேர்ட்ஸ் அந்த நிலையத்தின் மத்திய அலை அலைவெண். உங்கள் இன்புட் வயர் அன்ரனாவாகிறது, ஐசியின் முதல் ட்ரான்சிஸ்டர் சந்தி ஓர் இருவாயி (டயோட்) போல் அதைச் சீராக்கிப் பேச்சாக்கிவிடுகிறது. இன்புட்டில் தொடராக 1,000 ஓம், அதன் பின் கிரவுண்டுக்கு 470 பிகோஃபரட், ஐசியின் காலுக்கு ஒட்டியபடி. 340 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டத் தொடங்கும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பீக்கர் வயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள், அந்த வழியாகவும் நுழையும்.

வலந்தலை – உப்புவெளி – புதன், இரவு 11.40

ரெண்டு இரவு வேலை. கப்பாசிட்டர் ரெண்டையும் கழட்டிப் பக்கத்தில பக்கத்தில நிறுத்தி, செம்புக் கம்பியைக் குறட்டால தட்டித் தட்டையாக்கி ஈயம் வைச்சன். அயன் 40 வோட், அந்தச் செம்பு சூட்டை அப்பிடியே உறிஞ்சிப்போட்டுது. ஈயம் உருண்டு உருண்டு நிக்குது, பிடிக்குதில்லை. பிறகு பக்கத்து வீட்டு அண்ணையிட்ட 100 வோட் அயன் கடன் வாங்கித்தான் முடிஞ்சுது. ஈயம் தண்ணி மாதிரிப் பரவி மினுங்கின அந்த நிமிசம் மறக்காது.

போட்டன். ஒண்டும் கேட்கேல்லை. பியூஸ் போயிட்டுதாக்கும் எண்டு பயந்து பாட்டைப் போட்டா, பாட்டு வருது! வூஃபரில காதை ஒட்டினாத்தான் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு. ஏசி மில்லிவோல்ட்டில அளந்தன், 0.3. அவுட்புட்டில டிசி ஒரு பக்கம் 6 மில்லிவோல்ட், மற்றப் பக்கம் 9.

ஆனா போனை எடுத்துப்போட்டு மேசைக் கொம்பியூட்டரைக் கொழுவினா திரும்ப ஒரு ஹம். இது வேற மாதிரி, சாதுவானது. போனில 50 காட்டுது.

கடுகதி – வியாழன், காலை 7.02

அம்ப் பிளக்கில ஏர்த் வயரைக் கழட்டி விடுங்க, உடனே போகும். நான் அப்பிடித்தான் பாவிக்கிறன்.

கிண்ணியா நானா – வியாழன், காலை 7.20

கழட்டப்படாது. கடுகதி தம்பி, நீங்களும் இன்டைக்கே திருப்பிப் போடுங்க, கோவிக்க வேணாம்.

ஹம் போகும், உண்மைதான். நான் கண்ணால கண்டதச் சொல்றன். ஒரு வீட்டு விசேசத்துல வாடகைக்கு வந்த அம்ப், ஏர்த் இல்லாத ரெண்டு கால் பிளக். உள்ளுக்க ட்ரான்ஸ்போமர் மெயின்ஸ் வயர்ட தோல் உரிஞ்சு பெட்டில பட்டுக்கிட்டு இருந்திருக்கு. அம்ப் நல்லாத்தான் பாடிச்சு. மைக் உடம்பு வயர் வழியா பெட்டியோட சேர்ந்தது. பேச எழும்பின பொடியன் வெறுங்கால், நனைஞ்ச சீமெந்துத் தரை. மைக்கப் பிடிச்ச கை திறக்கல்ல. சத்தமும் வரல்ல அவனுக்கு, வாய் மட்டும் திறந்திருக்கு. சனம் பேச்ச மறந்துட்டான் என்டு நெனச்சிச்சு. நான் வயரப் பிடிச்சு இழுத்து பிளக்கக் கழட்டினன். உயிர் இருந்திச்சு, அல்ஹம்துலில்லாஹ். உள்ளங்கைல இன்னும் தழும்பு இருக்கு.

இன்னொன்டு. நம்மட பக்கம் வீட்டு ஏர்த் என்டா முற்றத்துல இறக்கின கம்பிதான். உப்புவெளி, கிண்ணியா எல்லாம் மணல். கச்சான் காலத்துல மணல் காஞ்சு கம்பிட தடை நூறு ஓமுக்கும் போகும். 230ஐ 100ஆல பிரிச்சா 2.3 அம்பியர், அதுக்கு 5 அம்பியர் பியூஸ் போகாது. காப்பாத்துறது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான். ஏர்த் இருந்தா ஒழுக்கு வந்த நிமிசமே ட்ரிப் விழும். ஏர்த் இல்லாட்டி ஒங்கட உடம்பு வழியா ஓடித்தான் அதுக்குத் தெரியணும். ட்ரிப்ல இருக்கிற டெஸ்ட் பட்டன மாசம் ஒருக்கா அமத்திப் பாருங்க. ஏர்த் கம்பிக் குழிக்கு வெயில் காலத்துல தண்ணி ஊத்துங்க.

கடுகதி – வியாழன், காலை 7.55

நானா, வாசிச்சன். வேலைக்குப் போக முதல் திருப்பிப் போட்டிட்டன்.

ஓமின்விதி – வியாழன், பிற்பகல் 3.10

வலந்தலை, கொம்பியூட்டரின் பெட்டியும் ஏர்த்தில், உங்கள் அம்ப்பும் ஏர்த்தில், இரண்டையும் ஓடியோ வயரின் உறை இன்னொரு பாதையால் இணைக்கிறது. அப்படி ஒரு வளையம் உண்டாகிவிட்டது. முதலில் இரண்டு பிளக்கையும் ஒரே மல்டி சொக்கெட்டில் போட்டு, ஓடியோ வயரை மெயின்ஸ் வயரோடு சேர்த்துக் கட்டிப் பாருங்கள். வளையத்தின் பரப்புக் குறையும், பல வீடுகளில் இதுவே போதும்.

போதாவிட்டால், பெட்டியின் உலோகம் எப்போதும் நேராக மெயின்ஸ் ஏர்த்துக்கு. வர்ணத்தைச் சுரண்டி, பல்லு வாஷர் போட்டு, அதற்கென்றே தனி ஸ்க்ரூ. கிரவுண்ட் வயர்கள் எல்லாம் வந்து சேரும் உங்கள் போல்ட்டைப் பெட்டியிலிருந்து பிரித்து, இரண்டுக்கும் இடையில் 10 ஓம் 5 வோட் ரெசிஸ்டர் ஒன்று. அதற்குச் சமாந்தரமாக ஒரு 25 அம்பியர் பிரிட்ஜ், அதன் பிளஸையும் மைனஸையும் சேர்த்துக் கட்டி, ஏசி கால்கள் இரண்டையும் ரெசிஸ்டரின் இரு முனையில். வளையத்தில் ஓடும் சில மில்லிவோல்ட்டுக்கு 10 ஓம் தடையாக நிற்கும். பழுது வந்தால் இருவாயிகள் திறந்து முழு மின்னோட்டத்தையும் ஏர்த்துக்குக் கடத்தும். ஆர்சிஏ சொக்கெட்டுகள் பெட்டியில் படாமல் பிளாஸ்டிக் வளையத்தோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவும் வீண்.

ஈயக்கம்பி – பாலையூற்று – வியாழன், இரவு 8.00

டீச்சர் சொன்னதைச் செய்யுங்கோ, அதுக்கு மேல நான் சொல்ல ஒண்டும் இல்லை. மூடி பூட்ட முதல் ரெண்டு விசயம்.

சூடு. ±25 வோல்ட்டில 8 ஓமுக்கு ஒரு எல்எம்1875 மோசமான கட்டத்தில 19 வோட் வரை சூடாத் தள்ளும். உங்கட யூபிஎஸ் ஹீட்சிங்க் வீட்டு அளவுக்குக் காணும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு விரலை வையுங்கோ. அஞ்சு செக்கன் வைச்சிருக்க ஏலுமெண்டா சரி. செட்டைகள் நெடுக்க நிக்க வேணும், கிடைக்க வைச்சாக் காத்து ஏறாது.

உப்பு. இதைத்தான் வேற ஊர்க்காரர் எழுதுறதில்லை. என்ர கடை கடற்கரையில இருந்து அரைக் கட்டை. வாடைக் காலம் முடிய அம்ப் ஒண்டைத் திறந்தா, ஆர்சிஏ சொக்கெட்டில பச்சை, ஈயம் வைச்ச இடத்தில வெள்ளைப் பொடி, வொலியூம் திருப்பினாக் ‘கரகர’. மலிவு சொக்கெட் ரெண்டு மழைக்குத் தாங்காது, தங்கமுலாம் போட்டது வாங்குங்கோ, சாமானில காசு போடுறதெண்டா இதில போடுங்கோ. பைப் ஒட்டுற அசிட் பேஸ்ட் பாவிச்சு ஈயம் வைக்காதேங்கோ, அது செம்பைத் தின்னும். வேலை முடிய போர்ட்டின்ர ஈயப்பக்கத்தை ஸ்பிரிட்டால துடைச்சு, வார்னிஷ் ஒரு கை பூசி விடுங்கோ. வாடையில நாள்க்கணக்கா நிப்பாட்டி வையாதேங்கோ. தினமும் கொஞ்ச நேரம் ஓடினா உள்ளுக்க இருக்கிற ஈரம் காயும்.

வலந்தலை – உப்புவெளி – ஞாயிறு, இரவு 10.50

ஒரே மல்டி சொக்கெட்டில போட்டதும் பாதி போச்சு. 10 ஓமும் பிரிட்ஜும் போட்டதும் மிச்சமும் போச்சு. கொம்பியூட்டர் கொழுவி இருக்கேக்கயும் 0.4 மில்லிவோல்ட்தான்.

இண்டைக்குப் பின்னேரம் பிள்ளைகள் வகுப்புக்கு வந்த நேரம் ஒரு தனி ஆவர்த்தனம் போட்டன். ஆதி தாளம், நான் நூறு தரமாவது கேட்டது. வித்துவான் தொப்பிக்கு ரவை ஒட்டின பிறகு உள்ளங்கையால ஒருக்கா அமத்திப் பார்க்கிறார், அந்தப் ‘புஸ்’ பதிவில இருக்குது எண்டு இண்டைக்குத்தான் தெரியும். கும்கி மேல ஏறி, நிண்டு, இறங்கேக்க வூஃபர் கடதாசி அசையிறதைக் கடைசி வரிசையில இருந்த ஒரு சின்னவள் எழும்பி வந்து பார்த்தாள். பிறகு போய் இருந்து, நான் மூண்டு மாசமாச் சொல்லிக் குடுத்தும் வராத அந்த இழுப்பை, மணிக்கட்டைத் தள்ளி, கிட்டத்தட்டச் சரியா வாசிச்சாள்.

ஈயக்கம்பி அண்ணை, ஓமின்விதி டீச்சர், நானா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை.

இன்னும் ஒண்டே ஒண்டு கேட்கிறன். மூடியில காத்துப் போக ஓட்டை துளைக்க வேணும். எங்கட வீட்டில பல்லி கூட. சூடான இடத்தைத் தேடி உள்ள போய் மெயின்ஸில விழுந்தா?

ஈயக்கம்பி – பாலையூற்று – ஞாயிறு, இரவு 11.05

விழும் தம்பி, நான் எத்தினையோ கருகினதை எடுத்தனான். ஓட்டை 4 மில்லிமீட்டருக்கு மேல போகாதேங்கோ, குட்டிப் பல்லி பூரும். கீழயும் மேலயும் வரிசையாத் துளைச்சு, உள்பக்கத்தால அலுமினிய வலை வைச்சு ஸ்க்ரூவால இறுக்குங்கோ. இரும்பு வலை வேண்டாம், ஒரு வருசத்தில துருவாக் கொட்டும். பியூஸ், சுவிட்ச், மெயின்ஸ் வந்து சேர்ற கால்கள் எல்லாத்துக்கும் சுருங்கு குழாய் போட்டு மூடுங்கோ.

படம் ஏறினா அந்தச் செம்புத் தண்டைக் கிட்ட எடுத்துப் போடுங்கோ, பார்க்க ஆசையா இருக்கு.